இறந்தவரின் கணக்கு: தமிழகக் குடும்பங்களில் ஆவணக் கையளிப்பும் வாரிசுரிமைச் சட்டங்களும் (1860–2025)

ஆய்வுச் சுருக்கம்

குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து, வரவு, கடன் ஆகியவற்றுக்கான ஆவணங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பணி வாரிசுகள்மீது விழுகிறது. 1860 முதல் இயற்றப்பட்ட சட்டங்கள் இப்பணியின் ஒரு பாதியை மட்டுமே எளிதாக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இறந்தவருக்குச் சேர வேண்டிய பணத்தை யாரிடம் கொடுத்தால் கொடுத்தவரின் பொறுப்புத் தீரும் என்பதற்கு அச்சட்டங்கள் விடை கூறின. இறந்தவருக்கு எங்கெங்கே என்னென்ன இருந்தன என்ற கேள்வியை அவை குடும்பத்திடமே விட்டுவிட்டன. அக்கேள்விக்கு விடை வீட்டுக் கணக்கில் இருந்தது. அக்கணக்கு பெரும்பாலும் ஒருவரின் தனியறிவாகவே இருந்ததால், அவர் மறைந்தபோது இழப்புக்கு முதலில் ஆளானோர் வீட்டுப் பெண்கள்.

குறிச்சொற்கள்: வாரிசுரிமை, இறங்குரிமைச் சான்று, வீட்டுக் கணக்கு, நகரத்தார், ஐந்தொகை, நியமனதாரர், பெண் சொத்துரிமை

முன்னுரை

இறப்பு நிகழ்ந்த வீட்டில் கருமாதி முடிந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இறந்தவர் விட்டுச்சென்றவை எவை என்பது ஒன்று. அவற்றைப் பெறும் உரிமை யாருக்கு என்பது மற்றொன்று. வாரிசுரிமை பற்றிய வரலாற்று ஆய்வுகள் இரண்டாம் கேள்வியையே மிகுதியும் ஆராய்ந்துள்ளன. மிதாட்சரம், தாயபாகம், எஞ்சியோர் உரிமை, பெண்ணின் பங்கு என்று அவ்வாய்வுகள் விரிகின்றன. முதற்கேள்வி வீட்டுக்குள் அடங்கிய சிறு செய்தியாகக் கருதப்பட்டமையால் பெரிதும் கவனம் பெறவில்லை.

ஆயினும் உரிமை நடைமுறைக்கு வருவதற்கு முதற்கேள்வியே வாயிலாக உள்ளது. கணவர் யாருக்குக் கடன் கொடுத்திருந்தார் என்பதை அறியாத மனைவிக்கு அக்கடனைப் பெறும் உரிமை ஏட்டளவில் மட்டுமே உள்ளது. வீட்டில் எழுதப்பட்ட கணக்குக்கும் அரசு வகுத்த சான்றுகளுக்கும் இடையிலான இந்த இடைவெளி தமிழகத்தில் எவ்வாறு உருவாகி, எவ்வாறு நீடித்தது என்பதை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

1. வீட்டில் எழுதப்பட்டவை

தமிழகக் குடும்பங்களில் தலைமுறை கடந்து காக்கப்பட்ட எழுத்துகள் பல வகையின. பிறந்த நாழிகையைக் குறித்த சாதகக் குறிப்பு, நில விற்பனை ஓலை, ஒற்றி ஓலை, பாகப்பிரிவினைப் பத்திரம், மொய் நோட்டு ஆகியன அவற்றுள் சில. ஓலையிலிருந்து முத்திரைத் தாளுக்கு மாறியபின்னும் இவை ஒரே பெட்டியில் ஒன்றாகவே வைக்கப்பட்டன.

இவற்றுள் மொய் நோட்டின் இயல்பு தனித்து நோக்கத்தக்கது. வீட்டில் நடந்த விழாவுக்கு யார் எவ்வளவு செய்தார் என்பது அதில் ஊர்ப்பெயரோடு பதியப்பெறுகிறது. தந்தை பெற்ற மொய்யை மகன் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது முறை. எனவே எழுதியவர் மறைந்தபின்னும் பிறர் படித்துப் புரிந்துகொள்ளுமாறு அது எழுதப்பட்டது. எழுத்தறியாத மனைவியும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு முறை செய்ய முடிந்தது. கொடுக்கல் வாங்கல் கணக்கு அவ்வாறு எழுதப்படவில்லை. கைமாற்றாகக் கொடுத்த பணம் பல நேரங்களில் எழுத்தில் ஏறுவதே இல்லை. ஏறியபோதும் எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் சுருக்கக் குறியாக நின்றது. ஒரே வீட்டில் உறவுக்கான கணக்கு பொதுவாகவும் பணத்துக்கான கணக்கு தனிமறையாகவும் இருந்தன.

2. நகரத்தார் கணக்குமுறை

இவ்வேறுபாட்டுக்கு விலக்காக அமைந்தது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்குமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் இவர்கள் வட்டித் தொழில் நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, கடையை மேலாள் நடத்தினார். முதலாளியும் கடையும் கடலால் பிரிந்திருந்தமையால், கணக்கு ஒருவர் நினைவில் தங்க இயலாத நிலை ஏற்பட்டது. அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறியது. ஆள்வாரியாகப் பேரேட்டில் பிரிக்கப்பட்டது. நிலுவைகள் ஐந்தொகையாகத் தொகுக்கப்பட்டுச் செட்டிநாட்டுக்கு அனுப்பப்பட்டன. பயிற்சி பெற்ற எவரும் அவ்வைந்தொகையைக் கொண்டு கடையின் நிலையை அறியலாம்.

திருமணமான மகனை வேறு வைக்கும் வழக்கமும் இதற்குத் துணைநின்றது. ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் ஒவ்வொரு தம்பதியும் தனிப் புள்ளியாகக் கொள்ளப்பட்டு, அவர்களுக்குரிய வரவு தனியே எழுதப்பட்டது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசமே கடையின் பெயராக இருந்ததால், தலைவர் இறந்தபின்னும் கடை அதே பெயரில் தொடர்ந்தது.

இவ்வளவு ஒழுங்கான கணக்கு இருந்தும் இறப்பு சிக்கலைக் கொணர்ந்தது. அதிகாரம் அளித்தவர் இறந்தால் முகவரின் அதிகாரம் முடிவுறும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏற்றுள்ள பொது நெறி. முதலாளி ஊரில் இறந்தால் கடல்கடந்த கடையில் மேலாளின் அதிகாரப் பத்திரமும் கேள்விக்குள்ளாகும். இதனோடு அந்நாட்டு இறப்பு வரியும் சேர்ந்தது. இலங்கையில் நிகழ்ந்த அருணாசலம் செட்டியார் வழக்கு இதற்குச் சான்று. மகன் 1934இல் இறந்தார். தந்தை 1938இல் இறந்தார். பிரிவினையாகாத இந்துக் குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு இலங்கையின் இறப்பு வரிச் சட்டம் விலக்களித்திருந்தது. தந்தை இறந்தபோது குடும்பத்தில் எஞ்சியிருந்த ஒரே ஆண் கூட்டுரிமையாளர் அவரே. உடனிருந்தோர் மகனின் கைம்பெண் உள்ளிட்ட பெண்கள். ஆகவே அதனைக் கூட்டுக் குடும்பம் எனலாமா என்பதே வினா. மகனைச் சுவீகாரம் செய்யும் உரிமை கொண்ட பெண்கள் வீட்டில் இருக்கும்வரை குடும்பம் முற்றுப்பெறவில்லை என்ற அடிப்படையில், இலண்டன் பிரிவி கவுன்சில் 1957இல் குடும்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இறப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. கணக்கு இருந்த வீட்டிலேயே உரிமைக் கேள்வி இத்தனை காலம் நீடித்தது என்றால், கணக்கே இல்லாத வீடுகளின் நிலையை அடுத்து நோக்க வேண்டும்.

3. கர்த்தாவின் தனியறிவு

மிதாட்சர முறைப்படி இந்துக் கூட்டுக் குடும்பத்தின் சொத்தை நிர்வகிப்பவர் கர்த்தா. பொதுவாக அவர் மூத்த ஆண். பாகப்பிரிவினை கோரும்போது இருக்கும் சொத்து எவ்வளவு என்பதைக் காட்டுவதே அவருடைய பொதுக்கடமை. மோசடி முதலிய தவறு இருந்தாலன்றி, கடந்தகால வரவு செலவுக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று நீதிமன்றங்கள் கொண்டன.

நம்பிக்கையின்மீது அமைந்த குடும்பத்தில் அன்றாடச் செலவுக்குக் கணக்குக் கேட்பது பொருந்தாது என்பது இந்நெறியின் அடிப்படை. ஆயினும் இதன் விளைவாகக் கணக்கு எழுதவேண்டிய கட்டாயம் கர்த்தாவுக்கு இல்லாது போயிற்று. அவர் உயிரோடிருக்கும்வரை இதனால் குறையேதும் தோன்றாது. அவர் இறந்த நாளில்தான் எழுதப்படாதவற்றின் அளவு வெளிப்படும். எஞ்சிய ஆண்கள் சந்தைக்கும் கச்சேரிக்கும் அவருடன் சென்றிருந்தால் ஓரளவு அறிந்திருப்பர். இரும்புப் பெட்டியின் சாவி மனைவியின் இடுப்பில் இருந்தாலும், பெட்டிக்குள்ளிருந்த தாள்களின் பொருள் அவரிடம் சொல்லப்படாத வீடுகள் பல.

4. கொடுப்பவரைக் காத்த சான்று

இந்நிலையில் அரசின் தலையீடு 1860ஆம் ஆண்டு 27ஆம் சட்டத்தின் வழியே தெளிவான வடிவம் பெற்றது. இறந்தவருக்குச் சேர வேண்டிய கடன்களை வசூலிப்பதை எளிதாக்குவதும், இறந்தவரின் பிரதிநிதிக்குப் பணம் கொடுப்போருக்குப் பாதுகாப்பளிப்பதும் அதன் நோக்கங்கள் என அச்சட்டத்தின் தலைப்பே கூறியது. 1889ஆம் ஆண்டு இறங்குரிமைச் சான்றுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1925ஆம் ஆண்டு இந்திய இறங்குரிமைச் சட்டம் அதனைத் தன்னுள் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டது. அப்பகுதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டங்களின் உட்கருத்து ஒன்றே. ஒருவர் இறந்தவரிடம் கடன்பட்டிருக்கிறார். பின்னாளில் வேறொருவர் வந்து தாமே வாரிசு என்று கேட்டால் அவர் இருமுறை செலுத்த நேரலாம். அந்த அச்சம் இருக்கும்வரை அவர் யாருக்கும் பணம் தரமாட்டார். சான்று பெற்றவரிடம் கொடுத்தால் அவர் பொறுப்புத் தீர்ந்தது என்று சட்டம் உறுதியளித்தது. சான்று பெற்றவர்தாம் இறுதி உரிமையாளர் என அது சொல்லவில்லை. வாரிசுகளுக்கிடையிலான உரிமை தனியே தீர்க்கப்பட வேண்டியதாகவே இருந்தது.

சான்று கோரும் மனுவில் இடம்பெற வேண்டியவற்றை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 372ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. இறந்த நாள், வசிப்பிடம், நெருங்கிய உறவினர், மனுதாரரின் உரிமை ஆகியவற்றோடு, எந்தெந்தக் கடனுக்கும் பத்திரத்துக்கும் சான்று வேண்டும் என்பதையும் மனுதாரரே குறிப்பிட வேண்டும். மனுவில் குறிக்கப்படாத கடனுக்குச் சான்று கிடையாது. பின்னர் தெரியவரும் கடனுக்குச் சான்றை விரிவாக்க மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, பட்டியலோடு வருபவருக்கே நீதிமன்றத்தின் கதவு திறந்தது. பட்டியலைத் தேடித்தரும் அமைப்பு எதுவும் அதனுள் இல்லை.

இச்சுமை யார்மீது விழுந்தது என்பதும் கருதத்தக்கது. கூட்டுக் குடும்பக் கடனை எஞ்சியோர் உரிமையால் கோரிய ஆண் கூட்டுரிமையாளருக்கு இச்சான்று தேவைப்படவில்லை. பிரிந்துபோன ஒருவரின் கைம்பெண், தனியே சம்பாதித்தவரின் மகள் ஆகியோர்க்கே இது இன்றியமையாததாயிற்று. கணக்கை மிகக் குறைவாக அறிந்திருந்தவர்களிடமே மிக நிறைவான பட்டியல் கேட்கப்பட்டது.

5. நிலத்துக்கு அட்டவணை, பணத்துக்கு இல்லை

நிலத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறாக வளர்ந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து பத்திரப் பதிவு நடைமுறைக்கு வந்தது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதற்கு இன்றைய வடிவம் தந்தது. பதிவான பத்திரங்களுக்கு ஆள்பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக மற்றோர் அட்டவணையும் பேணப்பட்டன. அவ்வட்டவணைகளிலிருந்து எடுக்கப்படும் வில்லங்கச் சான்று, இறந்தவர் வாய்திறந்து எதுவும் சொல்லாமல் போயிருந்தாலும் அவர் வாங்கியதையும் விற்றதையும் அடமானம் வைத்ததையும் வாரிசுக்குக் காட்டியது. கிராமக் கர்ணத்தின் அடங்கலும் பட்டாவும் இதற்குத் துணையாயின.

சென்னை நகரில் ஓர் இடைவெளி இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், மூலப்பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தே அடமானம் செய்யும் முறையைச் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் ஏற்றுக்கொண்டது. அவ்வகை அடமானத்துக்குத் தனிப்பத்திரம் எழுதிப் பதிவு செய்வது கட்டாயமாக இருக்கவில்லை. வீட்டுக்காரர் இறந்தபின் மூலப்பத்திரம் வீட்டில் இல்லையெனில், அது தொலைந்ததா, யாரிடமேனும் இருக்கிறதா என்பதைக் கேட்டறிந்தே தீர வேண்டியிருந்தது.

பணக்கடனுக்கோ இத்தகைய பொது அட்டவணை எதுவும் தோன்றவில்லை. புரோநோட்டு, நகை அடகுச் சீட்டு, சீட்டுப் பிடித்த பாக்கி, கைமாற்று ஆகிய யாவும் இருவருக்கிடையில் மட்டுமே நின்றன. இவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. கேட்டவுடன் தருவதாக எழுதப்பட்ட புரோநோட்டின் பேரில் வழக்கிட அதன் தேதியிலிருந்து மூன்றாண்டுகளே உள்ளன. இடையில் வட்டியோ அசலோ செலுத்தி அதன் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பமிட்டால் கெடு நீளும். கணவரின் பெட்டியில் நான்காம் ஆண்டில் கண்டெடுக்கப்படும் நோட்டு பெரும்பாலும் வெறும் தாளாகவே கருதப்படும். ஆவணத்தை ஒழுங்குபடுத்துவதில் தாமதம் இங்கு நேரடி இழப்பாக மாறுகிறது.

6. பேசும் கடனும் பேசாத கடனும்

இறப்புக்குப்பின் வீட்டுக்கு வருவோரில் ஒரு சமனின்மை காணப்படுகிறது. இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர் தாமே வந்து சொல்வார். இறந்தவரிடம் கடன் வாங்கியவர் வந்து சொல்வது அவருடைய நேர்மையை மட்டுமே பொறுத்தது. எழுத்து இல்லாத வீட்டில் இதனால் கடன் முழுமையாகவும் வரவு குறைவாகவும் தெரியவருகிறது. தந்தையின் முறையான கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற இந்துச் சட்டத்தின் சமயக் கடப்பாட்டுக் கோட்பாடு இச்சமனின்மையை மேலும் அழுத்தியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமே, அதன்பின் ஏற்படும் கடன்களுக்கு அக்கோட்பாட்டை நீக்கியது.

இசுலாமியர் வழக்கம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. குறித்த தவணைக்குக் கொடுக்கும் கடனை எழுதி வைக்குமாறு குர்ஆன் பணிக்கிறது. இறந்தவரின் சொத்திலிருந்து அடக்கச் செலவும் அடுத்துக் கடனும் தீர்க்கப்பட்ட பின்னரே மரணசாசனமும் வாரிசுப் பங்கும் கணக்கிடப்படும். ஜனாசாத் தொழுகைக்கு முன் இறந்தவரின் மகனோ நெருங்கிய உறவினரோ, அவர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் தம்மிடம் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவிப்பது தமிழ் முசுலிம்களிடையே இன்றும் காணப்படும் வழக்கம். கணக்குத் தேடும் பணியை இவ்வழக்கம் இறந்த நாளிலேயே பொதுமன்றில் தொடங்கிவைக்கிறது. ஆனால் இங்கும் கேட்கப்படுவது இறந்தவர் தர வேண்டியது. அவருக்கு வர வேண்டியதை அறிய வீட்டு எழுத்தையே நாட வேண்டியுள்ளது.

7. உரிமை வந்தது, கணக்கு வரவில்லை

இருபதாம் நூற்றாண்டில் பெண்களின் வாரிசுரிமை படிப்படியாக விரிந்தது. 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவரின் பங்கில் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அளவிலான உரிமை தந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வரையறையை நீக்கி முழு உரிமையாக்கியது. 1989இல் தமிழ்நாடு அரசு மகளையும் பிறப்பால் கூட்டுரிமையாளராக்கியது. 2005இல் நடுவணரசின் திருத்தம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது.

இச்சட்டங்கள் யாருக்கு எவ்வளவு என்பதை மாற்றின. வீட்டுக் கணக்கை யார் எழுதுவது, யார் அறிவது என்பதை அவற்றால் மாற்ற இயலவில்லை. பங்கு கேட்கும் மகள், பங்கிடப்பட வேண்டியவை எவை என்பதைப் பெரும்பாலும் உடன்பிறந்தானிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. நிலமாயின் வில்லங்கச் சான்று அவருக்கு உதவியது. ரொக்கம், நகை, வைப்புத்தொகை ஆகியவற்றில் அவ்வுதவி இல்லை.

8. நியமனதாரர்

காப்பீடும் வங்கியும் பரவியபோது நாமினி எனப்படும் நியமனதாரர் முறை வந்தது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு பாலிசிதாரர் ஒருவரை நியமிக்க வழி செய்தது. வங்கி வைப்புகளுக்கு 1983ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இவ்வசதியைத் தந்தது. நீதிமன்றம் செல்லாமலே பணம் பெற இது வழிவகுத்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் தர்க்கமே இங்கும் தொடர்ந்தது. காப்பீட்டுத் தொகையில் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையேயன்றி உரிமையாளர் ஆகார் என்று உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவரிடம் செலுத்தினால் நிறுவனத்தின் பொறுப்புத் தீரும். வாரிசுகள் அவரிடமிருந்து தத்தம் பங்கைக் கோரலாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டால் காப்பீட்டுத் தொகை அவர்களுக்கே உரியதாகும் என மாற்றியது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கு ஒன்றுக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

இத்திருத்தங்கள் எவையும் நியமனதாரருக்கு அவர் நியமிக்கப்பட்டுள்ளார் என்ற செய்தியைத் தெரிவிக்கும் கடமையை முதன்மையாகக் கொள்ளவில்லை. கணவர் எந்தக் கிளையில் எந்தக் கணக்குக்குத் தம் பெயரை எழுதினார் என்பதை அறியாத மனைவிக்கு அந்நியமனத்தால் பயனில்லை.

9. கேட்பாரற்ற தொகை

இதன் விளைவை வங்கிகளில் தங்கிப்போன தொகை காட்டுகிறது. பத்தாண்டுகள் இயக்கப்படாத வைப்புகள் 2014ஆம் ஆண்டுத் திட்டப்படி ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் இறுதியில் இவ்வாறு கோரப்படாதிருந்த தொகை ஏறத்தாழ ரூ. 78,213 கோடி. வைப்பாளர் உயிரோடிருந்தே மறந்த கணக்குகளும் இதில் உண்டு. எனினும் வைப்பாளர் இறந்தபின் குடும்பம் அறியாமல் போனவையும் இதில் அடங்கும். இத்தொகைக்கான உரிமை அழிவதில்லை. உரியவர் எப்போது கேட்டாலும் பெறலாம்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளம், பெயரைக் கொண்டு பல வங்கிகளின் கோரப்படாத வைப்புகளை ஒரே இடத்தில் தேட வழி செய்தது. நிலத்துக்கு 1860களில் உருவாகத் தொடங்கிய பெயர் அட்டவணைக்கு நிகரான ஒன்று வங்கிப் பணத்துக்கு, அதுவும் கைவிடப்பட்ட பணத்துக்கு மட்டும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தே கிடைத்தது. கைமாற்றும் சீட்டும் நகை அடகும் இன்றும் அதற்கு வெளியே உள்ளன. தாளில் இருந்த கணக்கு கைப்பேசிக்குள் சென்றபின், பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் குறைந்துள்ளது.

முடிவுரை

இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்று, வங்கியின் நியமனப் பதிவு ஆகிய ஆவணங்கள் யாவும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான ஐயத்தைப் போக்கும் நோக்கில் வளர்ந்தவை. என்ன இருந்தது என்பதை அவற்றுள் எதுவும் கூறுவதில்லை. அதைக் கூறும் ஆவணம் வீட்டிலேயே எழுதப்பட வேண்டும் என்பது 1860க்கு முன்னும் பின்னும் மாறாத நிலை.

நகரத்தாரின் ஐந்தொகையும் பொதுவழக்கான மொய் நோட்டும், எழுதியவர் இல்லாதபோதும் பிறர் படிப்பதற்கென்றே எழுதப்பட்டமையால் தலைமுறை கடந்து பயன்பட்டன. குடும்பப் பணக்கணக்குக்கு அவ்வியல்பு பரவலாக வாய்க்கவில்லை. பெண்களின் சொத்துரிமை வரலாறு சட்டத் திருத்தங்களின் வரலாறாக மட்டுமே எழுதப்படும்போது இக்குறை மறைந்துவிடுகிறது. கைம்பெண்களும் மகள்களும் கொண்டுவந்த மனுக்களில் இணைக்கப்பட்ட கடன் பட்டியல்களும், வீடுகளில் எஞ்சியுள்ள பேரேடுகளும் அருகருகே வைத்து ஆராயப்பட்டால், ஏட்டில் தரப்பட்ட உரிமையில் எவ்வளவு கைக்கு வந்தது என்பது தெளிவுபடும்.